கிளி சொல்லும் 'வேண்டாம்'

வளர்ப்புக் கிளி கடித்தால் என்ன செய்வது என்று கேட்டால் மூன்று விதமான பதில்கள் கிடைக்கும். முதலாவது, யார் எஜமான் என்று அதற்குக் காட்டு என்பது. அலகைப் பிடித்து அதட்டு, கூண்டில் அடைத்துத் துணியைப் போட்டு மூடு, உன் கண்மட்டத்துக்கு மேலே உட்கார விடாதே. இரண்டாவது, கடியைக் கண்டுகொள்ளாதே என்பது. கையை இழுக்காதே, முகத்தைச் சுளிக்காதே. கடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்துவிட்டால் தானாக நிறுத்திவிடும். மூன்றாவது, கடித்தே தீர வேண்டிய நிலைக்கு அதைத் தள்ளாதே என்பது.

முதல் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தெரியும். ஒன்றில் கோபம் இருக்கிறது, மற்றதில் பொறுமை இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் நோக்கம் ஒன்றே: கடி நிற்க வேண்டும். எதற்காகக் கடித்தது என்ற கேள்வி இரண்டிலும் இல்லை. மூன்றாவது பதில் மட்டுமே கடியை ஒரு பேச்சாக எடுத்துக்கொள்கிறது. கேட்பதற்கு மென்மையான பதில்தான். ஆனால் அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் போனால், விடை சொல்லக் கடினமான ஒரு கேள்வியில் கொண்டுபோய் நிறுத்துகிறது. வெளியேற வழியில்லாத ஓர் உயிர் நமக்குத் தரும் சம்மதத்துக்கு என்ன மதிப்பு?

நான் இதை யோசிக்கத் தொடங்கியது, தென்மேற்கு லண்டனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு கிளி வந்த பிறகு. தெரிந்த குடும்பம் ஒன்று, 'கடிக்கிறது, சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை' என்று சொல்லிக் கொடுத்த நான்கு வயது ஆண் கிளி. என் மகள் அதற்குப் பிஸ்தா என்று பெயர் வைத்தாள். இங்கே 'இண்டியன் ரிங்நெக்' என்று விற்கப்படும் இது, தஞ்சாவூர்ப் பக்கம் நெற்கதிரை ஒடித்துக்கொண்டு பறக்கும் அதே பச்சைக்கிளிதான். சிவந்த அலகு, கழுத்தைச் சுற்றிக் கறுப்பும் ரோஜா நிறமுமாக ஒரு வளையம். என் அப்பாயி வீட்டுத் திண்ணையில் தொங்கிய கூண்டில் இருந்ததும் இந்த இனம்தான். அதற்கு இறக்கையை வெட்டியிருந்தார்கள். மிளகாய்ப்பழம் கொடுக்கப் போன விரலை அது கடித்தால், 'கோபக்காரக் கிளி' என்று சிரிப்பார்கள். எதன்மேல் கோபம் என்று யாரும் கேட்டதில்லை.

கிளிக்கு அலகு வெறும் வாய் இல்லை. ஏறும்போது அது மூன்றாவது கால். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறு கிளியினம் ஒன்றை வைத்துச் செய்து 2022இல் வெளியான ஆய்வில், செங்குத்தாக ஏறும்போது தலையும் அலகும் உடலை மேலே உந்தும் விசை, கால்கள் தரும் விசைக்குக் குறைந்ததில்லை என்று அளந்து காட்டினார்கள். ஒரு கிளையில் கால் வைக்கும் முன் அது தாங்குமா என்று அலகால்தான் பிடித்துப் பார்க்கும். நீட்டிய விரலையும் அப்படித்தான் முதலில் பற்றும். பழக்கமில்லாதவர் அதைக் கடி என்று எண்ணிக் கையைச் சட்டென்று இழுத்துக்கொள்வார். கிளிக்கோ, கால் வைக்கப்போன கிளை நழுவிவிட்டது. அடுத்த முறை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். கடிக்கும் கிளி என்ற பெயர் பல வீடுகளில் இப்படித்தான் ஆரம்பமாகிறது.

உண்மையான கடி வேறு. முன்னறிவிப்பில்லாமல் அது வருவது அரிது. பிஸ்தாவிடம் நான் பார்த்த வரிசை இது. முதலில் அசையாமல் நின்றுவிடும். இறகுகள் உடம்போடு ஒட்டிக்கொள்ள, ஆள் ஒல்லியாகிவிடும். பிறகு மெல்லப் பின்னால் சாயும். கண்ணின் கருமணி சுருங்கி விரியும். சுருங்கும்போது சுற்றியுள்ள வெளிர் வளையம் பளிச்சென்று தெரியும். பிடரி இறகுகள் எழும்பும். அலகு லேசாகத் திறந்து, தொண்டையில் சின்னதாக ஓர் உறுமல் கேட்கும். அதற்குப் பிறகும் கை வந்துகொண்டே இருந்தால்தான் கடி. ஐந்தாறு முறை 'வேண்டாம்' என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு முறை கத்துகிறது.

காட்டில் இந்த வரிசை பெரும்பாலும் பாதியிலேயே முடிந்துவிடும். அங்கே அதன் கடைசி வார்த்தை இறக்கைதான். பிடிக்கவில்லை என்றால் பறந்துவிடலாம். கூண்டும் நான்கு சுவரும் அந்த வார்த்தையைப் பறித்துக்கொள்கின்றன. இறக்கையையும் வெட்டிவிட்டால், அறைக்குள்ளேயே விலகிப் போகும் வழியும் அடைபடுகிறது. மிஞ்சுவது அலகு மட்டும். ஊரில் ஜோசியக்காரரின் கிளி வெளியே வந்து, ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்து, நெல்மணியை வாங்கிக்கொண்டு தானாகவே கூண்டுக்குள் போவதைப் பார்த்து, 'எவ்வளவு சாது' என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். வெட்டிய இறக்கையோடு அது வேறெங்கே போகும்?

நாயோடு வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் புரியும். நாய் மனிதரோடு வாழத் தொடங்கிக் குறைந்தது 15,000 ஆண்டுகள் ஆகின்றன. நம் முகத்தையும் குரலையும் படிக்கத் தெரிந்த நாய்களே தலைமுறை தலைமுறையாக நம்மிடம் தங்கின. நம்மூரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் பட்ஜரிகர்களை ஜான் கூல்ட் ஆஸ்திரேலியாவிலிருந்து உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தது 1840இல். பெரிய கிளிகள் பலவற்றுக்குக் கூண்டில் பிறந்து வளர்வது சில தலைமுறைப் பழக்கம்தான். பிஸ்தா, வீட்டுக்குள் பிறந்த ஒரு காட்டுப் பறவை. அது கடிக்கும்போது, ஏதோ ஒப்பந்தத்தை மீறிவிட்டதுபோல நமக்கு மனம் வருந்துகிறது. அந்த ஒப்பந்தத்தில் அது கையெழுத்துப் போட்டதே இல்லை.

வார்த்தை கிடைத்தால் கிளி என்ன சொல்லும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. ஐரீன் பெப்பர்பெர்க் 1977இல் சிகாகோ பக்கத்துக் கடையொன்றில் வாங்கிய ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியான அலெக்ஸ், 2007 செப்டம்பரில் இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் அவருடைய ஆய்வில் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட சொற்கள், நிறம், வடிவம், ஆறு வரை எண்ணிக்கை, ஒன்றுபோல் இருப்பது எது, வேறுபடுவது எது என்று அலெக்ஸுக்குத் தெரிந்தவற்றை உலகம் வியந்து பார்த்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. கேள்விகள் அலுத்துப்போனால், கூண்டுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று அலெக்ஸ் ஆங்கிலத்தில் சொல்லும். 'இல்லை' என்றும் சொல்லும். பல வீடுகளில் கூண்டு தண்டனை. அலெக்ஸுக்கு அது கேட்டுப் பெறும் ஓய்வு. மறுப்பதற்கு ஒரு சொல்லும், அந்தச் சொல்லைக் காதில் வாங்கிக்கொள்ள ஓர் ஆளும் இருந்ததால் இது நடந்தது. மற்ற கிளிகளுக்கும் சொல் இருக்கிறது, உடம்பின் மொழியில். காதில் வாங்கும் ஆள்தான் இல்லை.

முதல் பதிலை மறுப்பது சுலபம். அதட்டினால் பறவை பயப்படும். பயந்த பறவை இன்னும் சீக்கிரம் கடிக்கும். உயரத்தில் உட்கார்ந்தால் நம்மை ஆள நினைக்கிறது என்பதற்கும் ஆதாரம் இல்லை. உயரம் அதற்குப் பாதுகாப்பு, அவ்வளவுதான். 'கண்டுகொள்ளாதே' என்ற இரண்டாவது பதில் புத்திசாலித்தனமானது. அது பலிக்கவும் செய்யும். கடித்தும் கை விலகவில்லை என்றால், ஒரு கட்டத்தில் கிளி கடிப்பதை விட்டுவிடும். பலிக்கிறது என்பதுதான் என் கவலை.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இருவர் 1967இல் வெளியிட்ட சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். என்ன செய்தாலும் நிற்காத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்களில் பல, பிறகு ஒரு சிறு தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்ற நிலையிலும் தாண்டவில்லை, கிடந்தபடியே தாங்கிக்கொண்டன. இதற்குக் 'கற்றுக்கொண்ட கையறுநிலை' என்று பெயர் வந்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 2016இல், அதே இருவரும் மூளை ஆய்வுகளின் துணையோடு தங்கள் விளக்கத்தைத் திருப்பிப் போட்டார்கள். நீண்ட துன்பத்தின் முன்னால் அடங்கிப் போவதை எந்த உயிரும் கற்றுக்கொள்வதில்லை, அது இயல்பாகவே நிகழ்வது. தான் செய்வதற்குப் பலன் உண்டு என்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார்கள்.

விலகாத கை மின்னதிர்ச்சிக்கு ஈடாகாது என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு விஷயம் பொருந்துகிறது. பலன் இல்லை என்று கடியை விட்ட கிளியும், தேவை இல்லை என்று கடியை விட்ட கிளியும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் கையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும். வீட்டுக்கு வந்தவர்கள் இரண்டையும் ஒரே வார்த்தையால் பாராட்டுவார்கள். ஒன்று நம்புகிறது, மற்றது கைவிட்டுவிட்டது. கடி நிற்பது மட்டும்தான் நோக்கம் என்றால், இந்த வித்தியாசத்தைப் பார்க்க நமக்குக் கண் இருக்காது.

நம் வீடுகளில் பிள்ளைகளுக்கும் இதே பாராட்டுத்தான். அடக்கமான பிள்ளை. ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியப்பாவின் மடியில் உட்கார மாட்டேன் என்று மூன்று வயதுக் குழந்தை உடம்பை வளைத்து நழுவும். 'கூச்சப்படுது' என்று சொல்லிப் பிடித்து உட்கார வைப்பார்கள். கடைசியில் அது வீறிட்டாலோ கிள்ளினாலோதான் பெரியவர்களுக்குக் கேட்கிறது. கேட்டதும் திட்டு விழுகிறது. இங்கே பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பிலேயே, உன் உடம்பு உன்னுடையது என்று சொல்லித் தருகிறார்கள். அந்தப் பாடத்துக்கும் பெரியப்பாவின் மடிக்கும் நடுவில் நிற்கிறது பிள்ளை. கிளியையும் பிள்ளையையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் ஒப்பிடுவது அவற்றின் எதிரே நிற்கும் நம்மை.

சரி, நடைமுறையில் என்ன செய்வது? யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்து உளவியலாளர் சூசன் ஃப்ரீட்மன், கிளி வளர்ப்பவர்களுக்கு நெடுங்காலமாகச் சொல்லிவருவது இது: நடத்தையை மாற்றும் வழிகளுக்கு ஒரு படிவரிசை உண்டு, சூழலைச் சரிசெய்வதும் பரிசு கொடுப்பதும் முன்னால் வரும், தண்டனை கடைசியில் வரும். ஒரு வழி பலிக்கிறது என்பது மட்டும் அதைக் கையாளப் போதிய காரணமாகாது.

பிஸ்தாவிடம் நாங்கள் செய்தது எளிமையானது, கொஞ்சம் அலுப்பூட்டக்கூடியதும்கூட. கூண்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, அதற்கு எட்டாத தூரத்தில் கையை நீட்டி நிறுத்துவோம். அது இயல்பாக இருந்தால் ஒரு சூரியகாந்தி விதை. உடம்பு ஒடுங்கினாலோ பின்னால் சாய்ந்தாலோ கை உடனே விலகிவிடும். முன்பு கடித்தால் மட்டும் கிடைத்தது இப்போது சாய்ந்தாலே கிடைக்கிறது. மெதுவாகச் சொன்னாலே கேட்கிறார்கள் என்று தெரிந்த பிறகு யாரும் கத்துவதில்லை. விரலுக்குப் பதில் முதலில் ஒரு மரக்குச்சியை நீட்டினோம். வழக்கமான தீனியும் தண்ணீரும் எப்போதும் கிண்ணத்தில் இருக்கும். விதை அதற்கு மேலே கிடைக்கும் தின்பண்டம். பட்டினி போட்டுப் பழக்கும் முறையும் உண்டு, சீக்கிரம் பலிக்கும். பசித்த வயிறு சொல்லும் 'சரி'யைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியாது.

இதையெல்லாம் மீறிக் கடித்துவிட்டால் கையை உதறக் கூடாது, கத்தவும் கூடாது. பக்கத்து மேசைக்குக் கையைத் தாழ்த்தினால் அது இறங்கிக்கொள்ளும். கையைக் கழுவிக்கொண்டே அதற்கு முந்தைய பத்து நொடியில் நடந்ததை யோசிக்க வேண்டும். கையில் புதிதாக ஏதாவது இருந்ததா, அதன் தூக்க நேரமா, வசந்தகாலத்தில் இணை தேடும் பதற்றமா?

ஏழாவது வாரம் அது என் மகளின் கையில் ஏறியது. அதைவிட எனக்கு வியப்பாக இருந்தது அதற்கு முன்னால் நடந்தது. சாய்ந்தால் கை விலகிவிடும் என்பது உறுதியானதும், அது தானாகவே கைப்பக்கம் நெருங்கி வர ஆரம்பித்தது. விலக விட்டால் ஒரேயடியாக விலகிவிடும் என்று பயந்துதான் நாம் இறுக்கிப் பிடிக்கிறோம்.

இங்கே என் தொழில் குறுக்கே வருகிறது. நிறுவனங்களின் மென்பொருள்கள் மக்களின் தரவைச் சட்டப்படி கையாள்கின்றனவா என்று பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. 2018 மே மாதம் ஐரோப்பாவில் நடைமுறைக்கு வந்து, பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் பிரிட்டனில் தொடரும் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்றால் என்ன என்று கறாராக வரையறுக்கிறது. சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, கொடுப்பதைப் போலவே எளிதாக இருக்க வேண்டும். மறுப்பதால் ஒருவருக்கு எந்தப் பாதிப்பும் வரக் கூடாது. கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் இடையே அதிகாரத்தில் பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தால், அந்தச் சம்மதம் சுதந்திரமாகத் தரப்பட்டதா என்று சந்தேகிக்க வேண்டும். 'ஏற்கிறேன்' என்ற பொத்தானைப் பெரிதாகவும், மறுக்கும் வழியை மூன்று பக்கம் தள்ளிச் சாம்பல் எழுத்திலும் வைக்கும் இணையதளங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு இந்த மூன்றும் மனப்பாடம்.

முதல் இரண்டும் பிஸ்தாவுக்கு முடிந்தவரை கிடைத்திருக்கின்றன. மூன்றாவதில் நாங்கள் சிக்கிக்கொள்கிறோம். தீனி, தண்ணீர், வெளிச்சம், கதவு எல்லாம் எங்கள் கையில். இந்தக் கணக்கில் அது தரும் எந்தச் சம்மதமும் முழுச் சம்மதம் ஆகாது. நண்பர் ஒருவர் கேட்டார்: "பிடித்துத் தூக்கினால் என்ன, காத்திருந்து தூக்கினால் என்ன? கூண்டு கூண்டுதானே. உன் மனச்சாட்சிக்கு நீயே தாலாட்டுப் பாடிக்கொள்கிறாய்." இன்னொருவர், கிளிக்குச் சம்மதம் என்ற கருத்தே கிடையாது, விதைக்காக வருகிறது, அவ்வளவுதான் என்றார்.

இரண்டாமவருக்குப் பதில் சொல்வது எளிது. கருத்து இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒரு கையை நோக்கிச் சாய்வதும் அதிலிருந்து விலகிச் சாய்வதும் அந்த உடம்புக்கு ஒன்றல்ல, அது போதும். முதல் நண்பரின் கேள்விதான் என்னை நெடுநாள் உறுத்தியது. கடைசியில் நான் வந்து சேர்ந்த இடம் இது. சமமில்லாத உறவில் 'சரி' என்ற சொல் எப்போதும் சந்தேகத்துக்குரியது. அது பசியால் வரலாம், பழக்கத்தால் வரலாம், பயத்தால் வரலாம். ஆனால் 'வேண்டாம்' என்பதில் அந்தச் சந்தேகம் இல்லை. நம்மைத் திருப்திப்படுத்த யாரும் நம்மை மறுப்பதில்லை. ஆகவே, அதிகாரம் முழுவதும் ஒரு பக்கம் குவிந்திருக்கும் உறவில் நாம் நம்பக்கூடிய சொல் மறுப்பு ஒன்றுதான். அது தண்டனையில்லாமல் சொல்லப்படும் வீட்டில்தான் 'சரி'க்கும் கொஞ்சம் மதிப்பு வருகிறது. வேலைக்காரர் முதலாளியிடம் சொல்லும் 'சரிங்க'வும், விசா ஒருவர் பெயரில் இருக்க அவரைச் சார்ந்து புலம்பெயர்ந்து வந்த துணை சொல்லும் 'உங்க இஷ்டம்'மும் இந்தக் கணக்கில் அடங்கும் என்று நினைக்கிறேன். அவை உண்மையா என்று அந்தச் சொற்களை ஆராய்ந்து கண்டுபிடிக்க முடியாது. மறுத்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதைப் பார்க்க வேண்டும்.

எல்லா மறுப்புக்கும் கட்டுப்பட முடியாது என்பதும் தெரியும். நோய் வந்தால் துண்டில் சுற்றிப் பிடித்து மருந்து கொடுத்தே ஆக வேண்டும்; தடுப்பூசிக்கு அழும் குழந்தையிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. ஆனால் மீறுவதற்கு அதன் நலன் காரணமாக இருக்க வேண்டும். என் ஆசையோ, விருந்தாளிக்குக் காட்டும் பெருமையோ காரணமாகாது. அதற்கும் முன்னேற்பாடு செய்யலாம். ஊசியில்லாத சிரிஞ்சில் பழச்சாறு குடிக்கப் பிஸ்தா இப்போது பழகியிருக்கிறது. மருந்து வேண்டிய நாளில் துண்டு தேவைப்படாமல் போகலாம்.

கூண்டே தவறு என்றால் விட்டுவிடலாமே? என் அம்மா வந்திருந்தபோது அதைத்தான் கேட்டார். இந்தப் பகுதியில் மாலையானால் பச்சைக்கிளிக் கூட்டம் கத்திக்கொண்டே வானத்தைக் கடக்கும். எப்போதோ கூண்டிலிருந்து தப்பியவற்றின், விடப்பட்டவற்றின் வாரிசுகள். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே கூடு கட்டிப் பெருகியிருக்கின்றன. அந்தச் சத்தம் கேட்டால் பிஸ்தா தலையைச் சாய்த்து ஜன்னலைப் பார்க்கும். "அதுங்களோட விட்டுடேன்டா" என்றார் அம்மா. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தக் கிளியை வீட்டில் வைத்திருப்பது குற்றம். பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி இதை வெளியே விடுவது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், பருந்தையும் பனியையும் அறியாமல் கிண்ணத்தில் தின்று வளர்ந்த பறவையை வெளியே விடுவதை விடுதலை என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. இது 25 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய இனம். நாங்கள் அதற்கு வானத்தைத் தர முடியாது. தர முடிந்தவை பெரிய கூண்டு, பகலில் திறந்திருக்கும் கதவு, வெட்டாத இறக்கை, பிறகு இந்தச் சின்ன மறுப்பு.

சில நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் மகள் கையை நீட்டுவாள். பிஸ்தா லேசாகப் பின்னால் சாயும். "சரி, அப்புறம்" என்று சொல்லிவிட்டு அவள் புத்தகப் பையைத் திறப்பாள்.